மூக்கை விட்டாச்சு

நீர்யானையில் மூக்கு மட்டும் வரவில்லை.

முதுகு கழன்றுவிட்டது. இரண்டு பக்க விலாவும் கழன்றுவிட்டன. நெற்றி கூடக் கொஞ்சம் முனகிவிட்டுக் கழன்றுகொண்டது. மூக்கு மட்டும் மோல்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

மெழுகன் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். கழன்ற இடத்தில் தட்டினால் டொம் என்று கேட்கும். ஒட்டிய இடத்தில் டக். வால் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். டொம், டொம், டொம். மூக்குக்கு வந்ததும் டக். இன்னொரு தடவை, கொஞ்சம் மரியாதையாகத் தட்டினான். டக்.

மணி பத்து. நாலு மணிக்கு லாரி வரும்.

ஃபைபர் பொம்மைகள் செய்யும் பட்டறை அது. முதலில் களிமண்ணில் ஒரு நீர்யானை. அதன் மேல் அச்செடுத்தால் மோல்டு. எட்டடி நீளம், பெரிய குளியல் தொட்டி மாதிரி இருக்கும். தொட்டியின் உட்புறம்தான் நீர்யானையின் வெளிப்புறம். உள்ளே வழவழப்பாக மெழுகு தேய்த்து, அதன் மேல் பச்சைத் தண்ணி என்று அவர்கள் சொல்லும் மருந்தை அடித்துக் காயவிட வேண்டும். பிறகு ரெசினும் கண்ணாடி நாரும் அடுக்கடுக்காகப் போட்டு, இறுகியதும் பொம்மையைக் கழற்றி எடுக்க வேண்டும். பச்சைத் தண்ணி இருந்தால் பொம்மை வரும். இல்லாவிட்டால் பொம்மையும் மோல்டும் ஒன்றையொன்று பிரிய மனமில்லாமல் அப்படியே இருந்துவிடும்.

மெழுகு தேய்ப்பதும் பச்சை அடிப்பதும் அவன் வேலை. பதினாறு வருஷமாக அதையே செய்ததில் சொந்தப் பெயர் தேய்ந்து மெழுகன் ஆகிவிட்டான். களிமண்ணில் உருவம் செய்வது அவன் மனைவியின் வேலை. இந்த நீர்யானைக்கு அவள் நாலு மாசம் எடுத்துக்கொண்டாள். ஒரு பூங்காவில் குழந்தைகள் குளிக்கும் குளத்துக்குப் பன்னிரண்டு நீர்யானைகள் கேட்டிருந்தார்கள். இது முதலாவது.

மூன்றாவது ஆள் அவளுடைய தம்பி. முப்பத்தி நாலு வயசு, பெரிய மீசை, அறுப்பதும் தேய்ப்பதும் அவன் பொறுப்பு. பதினோரு நாளைக்கு முன்பு வரை அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. இப்போது தபால்.

ஏனென்றால் புருஷனும் பெண்டாட்டியும் காய் விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடுவார்களே, அதே காய்தான். நாற்பது வயசில் விட்டால் கொஞ்சம் நீளமாகப் போகிறது. இன்றோடு பதினோரு நாள்.

நடந்தது இதுதான். களிமண் நீர்யானையைப் பார்க்கப் பூங்கா மேனேஜர் வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். முன்னால் நின்று தலையைச் சாய்த்தார்.

"யாரையோ பாத்த மாதிரி இருக்கே," என்றார்.

தபால் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் அவன் மூக்கு வழியாக வந்துவிட்டது. மேனேஜர் போன பிறகும் சிரித்தான். சாணைக்கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மெழுகனுக்கு ஒன்றும் புரியவில்லை. கை கழுவப் போனவன் கண்ணாடியில் எதேச்சையாகத் தன்னைப் பார்த்தான். புரிந்தது.

அகலமான மூக்கு. நடுவில் ஒரு மேடு. நாசித் துவாரம் இரண்டும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்ட மாதிரி விரிந்திருக்கும். முப்பத்தொன்பது வருஷமாக முகத்தில் சும்மா இருந்த மூக்கு, இப்போது பக்கத்து அறையில் இரண்டடி அகலத்துக்கு இருந்தது.

"அது என் மூக்கா?" என்று கேட்டான்.

"நீர்யானை மூக்கு," என்றாள்.

"என் மூக்கான்னு கேக்கறேன்."

"குறட்டை விடறப்ப மட்டும்."

"பன்னெண்டு செய்யப் போறோம். பன்னெண்டு இடத்துல நான் வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கணும். குழந்தைங்க ஏறி உக்காரும்."

"உக்காந்தா என்ன. மூக்கு தேஞ்சா போகும்?"

"உடைச்சுப் போட்டுடுவேன்," என்றான் மெழுகன்.

அதையும் மைத்துனன் எதிரில் வைத்துச் சொல்லிவிட்டான். உடைக்கிற ஆள் இல்லை அவன். ஒரு தேநீர்க் கோப்பையைக் கூட உடைத்ததில்லை. ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. அவள் ஈரத்துணியைக் களிமண் மேல் போர்த்தினாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

பேச்சு இல்லாவிட்டாலும் வேலை இருக்கிறதே. ரெசின் கலக்க வேண்டும், மருந்து வந்ததா என்று கேட்க வேண்டும். எல்லாம் தபால் மூலமாக நடந்தது. இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது கூட, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். தபால் எழுந்து போய் உப்பைத் தள்ளினான்.

இப்போது மூக்கு ஒட்டிக்கொண்டது. வேறெதுவும் ஒட்டவில்லை. மூக்கு.

யார் பச்சை அடித்தது? மெழுகன். யார் உடைப்பேன் என்று சொன்னது? மெழுகன். அவள் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குத் தபால் தேவைப்படவில்லை.

மெழுகன் விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருகினான்.

"ஆப்பு வெச்சது யாருன்னு கேளு," என்றாள் அவள் தம்பியிடம்.

"மாமா, ஆப்பு வெச்சது யாருன்னு அக்கா கேக்குது."

"கண்ணு முன்னாடிதானே வெக்கறேன். பத்தொன்பது ஆப்பு. எண்ணிக்கச் சொல்லு."

"அக்கா, பத்தொன்பது ஆப்பு வெச்சிருக்காராம்."

"நான் அந்த ஆப்பைக் கேக்கலைன்னு சொல்லு."

"மாமா, அக்கா வேற ஆப்பைக் கேக்குது."

மெழுகன் இருபதாவது ஆப்பைத் தட்டினான். டக்.

வெந்நீர் கொண்டுவந்து தொட்டிக்குள் மூக்குப் பக்கமாக ஊற்றினான். சூட்டில் பொம்மை கொஞ்சம் இளகும், பிடி தளரும் என்பது கணக்கு. வெளியிலிருந்து மோல்டின் மேல் பனிக்கட்டியைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தான். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தான். பதினோரு மணிக்குத் தட்டினான். டக். பன்னிரண்டுக்குத் தட்டினான். டக். அந்தச் சத்தத்தில் இப்போது ஒரு நக்கல் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

ஒரு மணிக்கு அவள் அறுக்கிற மெஷினை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். ஒயரைச் செருகினாள். சுவிட்சையும் போட்டாள்.

"சொல்லு அவருகிட்ட," என்றாள். "மோல்டை அறுத்துக்கட்டும். பொம்மை வந்துடும், லாரிக்கும் குடுத்துடலாம். மோல்டு போயிடும். அவருக்கு அதானே வேணும். நாலு மாசத்து வேலை. நாலு நிமிஷத்துல அறுத்துடலாம்."

தபால் வாயைத் திறந்தான்.

"கேட்டுச்சு," என்றான் மெழுகன். "சொல்லு, மோல்டு மேல கை வெக்க மாட்டேன்."

"அப்ப பொம்மையை அறுக்கட்டும். நாலு மணிக்கு லாரியோட மேனேஜர் வருவாரு. என்ன காட்டறதாம்?"

"அதையும் அறுக்க மாட்டேன்னு சொல்லு."

"ரெண்டையும் அறுக்காம என்ன செய்யறதாம்?"

தபால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பி, சொல்ல இடமே கிடைக்காமல் மீசையைச் சொறிந்தான்.

மெழுகன் சுவிட்சை அணைத்தான். ஒயரைப் பிடுங்கினான். மெஷினைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்து அலமாரியைப் பூட்டினான். மோல்டை அறுத்தால் பதினோரு நீர்யானை போய்விடும், அது பெரிய விஷயமில்லை. இவன் வேண்டுமென்றே செய்தான் என்று அவள் சாகிறவரை நினைத்துக்கொண்டிருப்பாள். அவன் சொல்லி அனுப்பியிருந்தான். முந்தாநாளே சொல்லி அனுப்பியிருந்தான். அவள்தான் கவனிக்கவில்லை. ஆனால் அதைச் சொன்னால் பழியை அவள் தலையில் போடுவது மாதிரி இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கோபத்தில் கூட அவன் அந்த அளவுக்கு ஒழுங்கு.

செருப்பைக் கழற்றினான். ஏணியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கினான். கணுக்கால் வரை வெதுவெதுப்பான தண்ணீர். குதித்தான்.

"மாமா என்ன பண்றாரு?" என்றான் தபால்.

ஒரு காரணம் இருந்தது. குதித்தால் பொம்மை வளையும். வளைந்தால் விளிம்பில் இடைவெளி திறந்து மூடும். அந்த நேரத்தில் விளிம்பில் தண்ணீர் ஊற்றினால், பம்பு அடித்த மாதிரி தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கி மூக்கு வரை போனால் மூக்கு விடும். ஆனால் காரணம் தெரியாதவர்களுக்கு, ஒரு நடுவயது மனிதன் முழங்கால் வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு தொட்டியில் ஆடுவது போலத்தான் இருக்கும்.

"தண்ணி விடுடா," என்றான் மெழுகன்.

தபால் ஓஸைப் பிடித்து விளிம்பில் தண்ணீர் விட்டான். மெழுகன் குதித்தான். தொட்டி இரும்புச் சட்டத்தில் நின்றது, சட்டத்துக்கு நாலு சக்கரம், சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை. ஆறாவது குதியில் கட்டை நழுவித் தண்ணீரில் மிதந்துபோய்விட்டது. தபால் ஒரு கையில் ஓஸும் மறு தோளில் சட்டமுமாக முட்டுக்கொடுத்து நின்றான்.

அவள் தூணிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் குதித்த லட்சணம் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூக்குப் பக்கமே குதித்தால் மூக்கு இன்னும் இறுகத்தான் செய்யும். வால் பக்கமும் எடை வேண்டும்.

"அவருக்கு ஒரு தராசு கூடவா தெரியாதுன்னு கேளு," என்றாள். கேட்டுக்கொண்டே ஏணியில் ஏறினாள். வால் பக்கம் இறங்கினாள்.

"அவ எதுக்கு இறங்கறான்னு கேளு."

"எடைக்குன்னு சொல்லு."

அவன் இந்தப் பக்கம் இறங்கும்போது அவள் அந்தப் பக்கம் ஏற வேண்டும். முதலில் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள், தண்ணீர் எழுந்து இருவர் முகத்திலும் அடித்தது. பிறகு வந்தது. அவன், அவள். அவன், அவள். தொட்டிக்கு அடியில் எங்கோ ஒரு கீச்சுச் சத்தம்.

"ஏன் வேணும்னே மூக்குல பச்சை அடிக்கலைன்னு கேளு," என்றாள் குதித்துக்கொண்டே. மூச்சு வாங்கியதால் வார்த்தைகள் ஒவ்வொரு குதிக்கும் ஒவ்வொன்றாக விழுந்தன.

மெழுகனின் ஒழுங்கு அத்தோடு தீர்ந்தது.

"நான்தான் சொல்லி அனுப்பினேனே. ஸ்பிரே துப்பாக்கி மூக்குக் குழிக்குள்ள போகாது. பிரஷ்லதான் தடவணும். பிரஷ் வேலை உனக்குத்தான் கை வரும். அதனால, மூக்கை விட்டாச்சுன்னு சொல்லி அனுப்பினேன்."

அவனை அறியாமலே அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டான். அவள் குதிப்பதை நிறுத்தினாள்.

"என்னன்னு சொல்லி அனுப்பினீங்க?"

"மூக்கை விட்டாச்சு."

"மூக்குல விட்டாச்சுன்னு சொன்னான்."

"மூக்கை."

"மூக்குல. மூக்குல விட்டாச்சுன்னா மூக்குல மருந்து விட்டாச்சுன்னு அர்த்தம். அதை நம்பித்தான் மேல ரெசின் போட்டேன்."

மருந்து காய்ந்தால் நிறம் தெரியாது. மூக்கு தொட்டியின் ஆழமான மூலை. பார்த்தாலும் தெரிந்திருக்காது.

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பினார்கள். தபால் தோளைச் சட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டு, ஓஸைப் பிடித்தபடி, நடுவில் நின்றிருந்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானே," என்றான் தபால்.

இரண்டாம் வேற்றுமையை ஏழாம் வேற்றுமையாக மாற்றி எட்டடி நீர்யானையை ஒட்டவைத்த மனிதனை மெழுகன் சிறிது நேரம் பார்த்தான். பிறகு தொட்டிக்கு வெளியே குனிந்து அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தான்.

"எது ஒண்ணு? மூக்கை விட்டதும் மூக்குல விட்டதும் ஒண்ணா? உன்னைக் குளத்துல விட்டாலும் குளத்தை விட்டு வெளிய விட்டாலும் ஒண்ணா?"

"மாமா, எனக்கு மூச்சு…"

"விடுங்க," என்றாள் அவள்.

மெழுகன் காலரை விட்டான். தபாலும் விட்டான். சட்டத்தை.

பட்டறையின் தரை வாசலை நோக்கிச் சரிவு. கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்காக அவர்களே போட்ட சரிவு. தொட்டி முதலில் யோசித்தது. பிறகு புறப்பட்டது.

"ஏன்டா விட்டே?"

"அக்காதானே விடுன்னுச்சு."

"அவரை விடச் சொன்னேன்டா."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்று கத்திக்கொண்டு தபால் பின்னால் ஓடினான். ஓஸ் அவன் கையிலேயே இருந்தது. ஓடிக்கொண்டே இருவர் மேலும் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தான்.

தொட்டி மெருகு மேஜையைத் தாண்டியது. ரெசின் டிரம்மை ஒரு விரற்கடையில் தாண்டியது. அவள் வால் பக்கமிருந்து வழுக்கிக்கொண்டு வந்து மெழுகன் மேல் மோதினாள். மெழுகன் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் மடியில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் ஒரு குலுக்கு. வெயில் முகத்தில் அடித்தது. அவள் தோள் குலுங்குவதை அவன் கவனித்தான். அழுகிறாள் என்று நினைத்துப் பயந்துபோனான்.

சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராத சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் வருகிற சிரிப்பு. "மூக்குல…" என்றாள். மேலே சொல்ல முடியவில்லை. மறுபடி, "மூக்குல…" என்றாள். அது அவனையும் தொற்றியது. முற்றத்தைக் கடந்து போகும் ஒரு நீர்யானைக்குள் உட்கார்ந்து இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். தொட்டி மணல் குவியலில் வால் பக்கமாக ஏறி, பெருமூச்சு விட்ட மாதிரி நின்றது.

கேட்டருகில் மேனேஜர் நின்றிருந்தார். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் ஒரு கோப்பு. அவருக்குப் பின்னால் லாரி.

"நீர்யானை ரெடியா?" என்று கேட்டார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ரெடிதான் சார்," என்றான் மெழுகன் தொட்டிக்குள்ளிருந்து. "அதுக்குள்ளதான் உக்காந்திருக்கோம்."

"குழந்தைங்க பயன்படுத்தற பொருள். நாங்களே உக்காந்து பாத்துதான் அனுப்புவோம்," என்றாள் அவள். சொல்லிவிட்டு மறுபடி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மேனேஜர் தலையசைத்துக் கோப்பில் ஏதோ எழுதினார்.

அவள் கண்ணைத் துடைத்தாள். புருஷன் காதருகே வந்து, பதினோரு நாளுக்குப் பிறகு தானாக எடுத்த முதல் பேச்சாகச் சொன்னாள்: "நாசித் துவாரம் ரெண்டுலயும் ஓட்டை வெச்சிருக்கேன்."

"என்ன?"

"மோல்டுல. வெளிப்பக்கத்துலேர்ந்து. மெழுகு உருண்டை வெச்சு அடைச்சிருக்கேன். அதைக் குத்தி எடுத்துட்டு ஏர் விட்டா வந்துடும்."

மெழுகன் அவளைப் பார்த்தான். காலை பத்து மணியிலிருந்து செருகிய ஆப்புகளும், காய்ச்சிய வெந்நீரும், குதித்த குதிகளும் அவன் முகத்தில் வரிசையாக வந்து போயின.

"காலையிலயே சொல்லியிருக்கலாம்."

"பேசிக்கிட்டு இருந்தாத்தானே சொல்றதுக்கு."

"தபால்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"தபால்கிட்ட," என்றாள். இரண்டு பேரும் அதை யோசித்தார்கள். நல்லவேளை சொல்லவில்லை என்று இருவருக்கும் பட்டது.

"அது மட்டும் இல்ல," என்றாள். ஈரக் கூந்தலைப் பிழிந்தாள். "நீங்க மெஷினை எடுக்கறீங்களான்னு பாத்தேன். நீங்க அலமாரியைப் பூட்டறீங்க."

சாவி மெழுகனின் சட்டைப் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கம்ப்ரஸரிலிருந்து ஏர் குழாயை இழுத்து வந்தார்கள். அவள் மோல்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஆணியால் மெழுகு உருண்டையைக் குத்தி எடுத்தாள். குழாயின் முனையை ஒரு துவாரத்தில் வைத்து, மற்றதை விரலால் அடைத்துக்கொண்டாள். மெழுகன் உள்ளேயே நின்றான். எந்த இடம் கழல்கிறது என்று தட்டிக் கேட்க ஆள் வேண்டும். தபால் கம்ப்ரஸர் திருகு அருகில்.

"நான் விடுன்னு சொன்னா காத்தை விடு," என்றாள் அடியிலிருந்து. "என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லு."

"நீ விடுன்னு சொன்னா காத்தை விடணும்."

"குழாயை விடக் கூடாது."

"குழாயை விடக் கூடாது."

"கம்ப்ரஸரை விட்டுட்டு ஓடக் கூடாது," என்றான் மெழுகன் மேலிருந்து.

"விட்டுட்டு ஓடக் கூடாது. ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டீங்க, எனக்குத் திட்டு மட்டும் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு."

மேனேஜர் நன்றாகப் பார்க்க ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். பார்க்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"விடு," என்றாள்.

முதலில் ஒன்றுமில்லை. உஸ்ஸென்று காற்றுப் போகும் சத்தம் மட்டும். மெழுகன் தட்டினான். டக். நீர்யானைக்குள் எங்கோ ஒரு நீளமான முனகல் கிளம்பியது. காலுக்கடியில் கூசியது. தட்டினான். டக். முனகல் மேலே ஏறியது. மூக்கு அரிக்க ஆரம்பித்த மனிதன் தலையை மெல்லப் பின்னால் சாய்ப்பானே, அப்படி மொத்தத் தொட்டியும் ஒரு இழை பின்னால் சாய்ந்தது. மெழுகன் சுத்தியலை ஓங்கினான்.

நீர்யானை தும்மியது.

அந்தச் சத்தத்துக்கு வேறு பெயர் இல்லை. பொம்மை ஒரு முழம் எழும்பியது. கணுக்கால் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் எழும்பி மேனேஜரின் முகத்திலும் சட்டையிலும் கோப்பிலும் போய் உட்கார்ந்தது. மெழுகன் சுத்தியலோடு காற்றில் இருந்தான். அங்கே இருந்த அரை விநாடியில், கீழே கழன்று கிடந்த மூக்கை அவன் பார்த்தான், மனசு அப்படியே லேசாகிவிட்டது. பிறகு மணல் குவியலில் விழுந்தான்.

விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டிச் சுத்தியலால் தட்டினான்.

டொம்.

"டொம்," என்றாள் அவள் மோல்டுக்கு அடியிலிருந்து.

"டொம்," என்றான் தபால். இந்தச் செய்தியை அவன் மாற்றவில்லை.

நாலு பேருமாகத் தூக்கிப் புரட்டி வைத்தார்கள். மேனேஜரும் ஒரு கை கொடுத்தார். இனி நனைவதற்கு அவரிடம் ஒன்றும் பாக்கியில்லை. பளபளவென்று சாம்பல் நிறத்தில் நீர்யானை முற்றத்தில் உட்கார்ந்தது. முழுசாக இருந்தது. அவள் மோல்டுக்குள் தலையை விட்டு விரலால் தடவிப் பார்த்தாள். மோல்டும் முழுசாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில், மூக்கின் வலது பக்கம், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பொம்மையின் மேல்தோல் மோல்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பொம்மையில் அந்த இடம் சின்னப் பள்ளமாக இருந்தது.

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். புருஷன் மூக்கைப் பார்த்தாள். ஏழு வயசில் கதவில் இடித்துக்கொண்ட வடு, வலது பக்கம், அதே இடம்.

"நான் அது ஒண்ணை மட்டும் விட்டிருந்தேன்," என்றாள். "நீர்யானைக்கு எதுக்குன்னு. அதுவே வெச்சுக்கிச்சு."

"ஏன் என் மூக்கை வெச்சே?" என்றான் மெழுகன். இந்தத் தடவை கோபமில்லாமல்.

அவள் யோசித்தாள். "வெக்கணும்னு வெக்கலை. களிமண்ணை உருட்டி வெச்சுட்டு உக்காந்தேன். கைக்குத் தெரிஞ்ச மூக்குதானே கையில வரும். வேற எந்த மூக்கு எனக்குத் தெரியும்?"

பதினோரு நாளுக்கு முன்பே இதைச் சொல்லியிருக்கலாம். அவன் அப்போது கேட்ட கேள்வி வேறு.

மேனேஜர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே நீர்யானைக்கு முன்னால் வந்து நின்றார். தலையைச் சாய்த்தார்.

"அன்னிக்கே கேட்டேன். யாரையோ பாத்த மாதிரியே இருக்கு."

மெழுகன் போய் நீர்யானைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். முகத்தை அதன் முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, நாசியை விரித்தான். தபால் குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். நின்று சிரிக்க அவனால் முடியவில்லை.

மேனேஜர் அந்த மூக்கையும் இந்த மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். விரலால் பள்ளத்தைத் தொட்டார். அடுத்ததாக மெழுகனின் மூக்கைத் தொடப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இந்தப் பள்ளத்தை அடைக்கணுமே," என்றார்.

"விடுங்க சார்," என்றான் மெழுகன்.

"அதுல ஏதாவது விடணுமா?"

"அதுல ஒண்ணும் விட வேண்டாம். அதை விடுங்க. அப்படியே இருக்கட்டும்."

"மத்த பதினொண்ணுக்கும் இந்த மாதிரி வருமா?"

"வராது," என்றாள் அவள். "இது ஒண்ணுதான். வேணும்னா எடுத்துக்கங்க, இல்லைன்னா நானே வெச்சுக்கறேன்."

எதைச் சொன்னாள் என்று மேனேஜருக்குப் புரியவில்லை. எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். மூக்கு பின்பக்கமாகப் பார்த்திருந்தது. கேட்டைத் தாண்டி வளைந்து போகிறவரை மெழுகன் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு மோசமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கம்பீரம் கூட இருந்தது.

அவள் சுண்டுவிரலை நீட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "பழமா?"

"பழம்," என்றான். விரலைக் கோத்தான். கண்ணாடி நார் அரிப்பு இரண்டு பேர் கையிலும் இருந்தது, கோத்த விரலை வைத்தே சொறிந்துகொண்டார்கள்.

தபால் ஓஸைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"அப்ப இனிமே நான் யாருகிட்ட என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்."

"சரி," என்றான் தபால். "யாரு சொன்னதாச் சொல்லட்டும்?"